கடல் கொண்டதும் கடல் விட்டதும்

(கோவிற்பட்டியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடற்கோள் என்னும் சொல்லை அறியாத தமிழுணர்வாளர் நம்முள் இலர். மேடைதோறும் அச்சொல்லை முழங்குகிறோம். இறையனார் அகப்பொருள் உரையும் சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும் கடல் கொண்ட நிலத்தைப் பற்றிக் கூறுவதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம். ஆயின், கடல் நிலத்தை எவ்வாறு கொள்கிறது? கொண்டதை எவ்வாறு விடுகிறது? கொண்டபோதும் விட்டபோதும் எந்தச் சான்றை நிலத்தில் எழுதி வைத்துப் போகிறது? இவற்றைக் கேட்போர் மிகச் சிலரே. நாம் கேளாவிடின் பிறர் கேட்பர். அன்று நம்மிடம் விடை இல்லையெனின் நம் வாயால் நாமே நம் தொன்மையை நகைப்புக்கு இடமாக்கியவர் ஆவோம். ஆகலின் இன்று பாட்டையும் உரையையும் சற்றே ஒதுக்கி வைத்து, கல்லையும் மண்ணையும் படிப்போம்.

இக்கல்வி கரிசல் நிலத்தாருக்குக் கடினமானதன்று. உங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துக் கொள்ளுங்கள். மழை நீர் ஓடை வழியே வருகிறது. ஓடை கண்மாய்க்குள் நுழையுமிடத்தில் விரைவு தளர்கிறது; பரலும் பருமணலும் அங்கேயே விழுகின்றன. சிறுமணல் சற்று உள்ளே போய் விழுகிறது. நுண்ணிய வண்டலோ நீர் ஓய்ந்து நிற்கும் ஆழப் பகுதிவரை சென்று படிகிறது. கடலிலும் இதே முறைதான். கரையருகே கல்லும் மணலும், அப்பால் களிச்சேறு, மண் வரத்தில்லாத தெளிந்த ஆழங்குறைந்த நீரில் பவளமும் சிப்பியும் வாழ்ந்து மடிந்து ஆக்கும் சுண்ணக்கல். எனவே ஒரு பாறையடுக்கைக் கண்டதும், இது கரையா, ஆழமா என்று சொல்லிவிடலாம்.

இனி, கண்மாயில் நீர் ஏறுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கரை பின்னே தள்ளிப் போகிறது. நேற்றுக் கரையாயிருந்து பரல் விழுந்த இடம் இன்று ஆழமாகி வண்டலைப் பெறுகிறது. அங்கே தோண்டினால் அடியில் பரல், இடையில் மணல், மேலே வண்டல் என்னும் வரிசை கிடைக்கும். நீர் இறங்கினால் வரிசை தலைகீழாகும். முற்றும் வற்றினாலோ, ஓடை தன் பழைய வண்டலையே அறுத்துக்கொண்டு ஓடும். அறுப்புண்ட தடம் மண்ணில் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் கிடப்பனவே காலம் செல்லச் செல்ல ஒன்றன்மேல் ஒன்றாகவும் கிடக்கும் என்னும் இந்நெறியைச் செருமானிய அறிஞர் வால்தர் 1894ஆம் ஆண்டை ஒட்டி வகுத்துரைத்தார்.

நீர் ஏறுவதைக் கடற்கோள் என்று சொல்ல நம் முன்னோர் சொல் தந்துள்ளனர். நீர் இறங்கி நிலம் வெளிப்படுவதைக் கடல்விடுகை என்போம். கொள்ளலும் விடலும் என இரு சொற்கள் இருப்பின் இத்துறை முழுவதையும் தமிழிலேயே பேசலாம்.

இங்கேதான் இன்றியமையா வினா எழுகிறது. கண்மாயில் நீர் ஏறியதுபோல் தோன்றுவதற்குக் கரணியம் இரண்டு இருத்தல் கூடும். ஒன்று, நீரே மிகுந்திருக்கலாம். மற்றொன்று, நீர் அப்படியே இருக்க, கண்மாயின் அடித்தரை தாழ்ந்திருக்கலாம். கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றே. கடலிலும் அவ்வாறே. பனிமலைகள் உருகினால் உலகக் கடல் முழுதும் ஏறும். நிலத்தட்டு பிளந்து தாழ்ந்தால் அவ்விடத்தில் மட்டும் கடல் ஏறும். உலகளாவிய நீர்மட்ட மாற்றத்தைத் தனியே பிரித்தறிந்து 1888இல் அதற்கொரு பெயரிட்டவர் ஆத்திரிய அறிஞர் எடுவர்டு சூசு. இவ்விரண்டோடு ஆறு கொணரும் மண்ணின் அளவையும் சேர்த்தால் மூன்று கணக்குகள் ஆகின்றன: அடித்தரை எவ்வளவு தாழ்ந்தது, நீர் எவ்வளவு ஏறியது, மண் எவ்வளவு வந்தது. கடற்படிவு அடுக்குகளின் கதை முழுதும் இம்மூன்றின் வரவு செலவே. நீர் ஏறினும் அதை விஞ்சி மண் வந்தால் கரை கடலுக்குள் முன்னேறும். மண் குறைந்தால், நீர் ஏறாமலே கரை தேயும்.

இரண்டு கரணியங்களையும் பிரித்தறிவது எப்படி? ஊர்க் கண்மாய்கள் அனைத்திலும் ஒரே ஆண்டில் நீர்க்கோடு உயர்ந்திருந்தால் அது மழையின் வேலை. ஒரு கண்மாயில் மட்டும் உயர்ந்து, அதன் அடியடுக்குகள் சாய்ந்தும் முறிந்தும் கிடந்தால் அது தரையின் வேலை. அறிஞர் செய்வதும் இதுவே. உலகின் பல கரைகளில் ஒரே காலத்து அடுக்குகளை ஒப்பிடுவர். அடுக்குகளின் சாய்வையும் பிளவையும் அளப்பர்.

இவ்வளவையும் ஒரே இடத்தில் கண்ணாரக் காண வேண்டுமெனின் நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களுக்குச் சென்றால் போதும். உலக நிலநூலார் நூற்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி வரும் நிலம் அது. 1862இல் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் அவ்வடுக்குகளை ஊத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். நம் ஊர்ப்பெயர்கள் அவ்வாறு உலக நூல்களில் ஏறின.

அந்நிலத்தின் வரலாறு இது. தென்னாடும் ஈழமும் அந்தாட்டிக்காவும் மடகாசுகரும் ஒன்றாய் ஒட்டிக்கிடந்த பெருநிலம் ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுறத் தொடங்கியது. அப்பிளவில் நம் கீழைக் கரை வடகிழக்கு தென்மேற்காக நீண்ட பள்ளங்களும் மேடுகளுமாக முறிந்தது. பள்ளங்கள் தாழ்ந்தன, இடையே கும்பகோணம், பட்டுக்கோட்டை முதலிய ஊர்களுக்கு அடியிலுள்ள பாறைமுகடுகள் நின்றன. இதுவே காவிரிப் படுகை. இதன் நிலப்பகுதி மட்டும் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர். ஆழ்பள்ளங்களில் படிவின் தடிப்பு 5 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மேலே நெல் வயல். கீழே ஐந்து கிலோமீட்டர் கடற்சேறும் மணலும்! நரிமணத்தில் எடுக்கும் கல்நெய் அச்சேற்றில் புதைந்த உயிர்ப்பொருளின் விளைவே. அத்துணைப் படிவுக்கு இடம் தந்தது எது? நீர்மட்டம் என்றும் 5 கிலோமீட்டர் ஏறியதில்லை. எனவே இடத்தைத் தந்தது தரையின் தாழ்வே. முதலில் நீரன்று, நிலமே அசைந்தது.

பிளவின் தொடக்கத்தில் கடல் இன்னும் வரவில்லை. சிவகங்கையருகே உள்ள பாறைக்குண்டு அடுக்குகளும், இலைத்தடம் பதிந்த தெரணி வெண்களியும் அந்நாளைய நன்னீர்ப் படிவுகள். பின்னர்க் கடல் உட்புகுந்தது. எங்கே முதலில் தெளிந்த நீர் கருங்கல் மேட்டைத் தழுவியதோ, அங்கே பவளமும் கடற்பாசியும் குடியேறிச் சுண்ணக்கல் திட்டாயின. அத்திட்டு எது தெரியுமா, தோழர்களே? கல்லக்குடி!

1953 சூலை 15ஆம் நாள் எந்தப் பெயருக்காகத் தமிழர் தண்டவாளத்தில் தலைவைத்தனரோ, அந்தக் கல்லக்குடி. அவ்வூரில் பைஞ்சுதை ஆலை எழுந்ததற்குக் கரணியமே அச்சுண்ணக்கல்தான். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் கரையில் வாழ்ந்த பவளத்தின் உடல் அது. புகைவண்டி நிலையப் பலகையில் பெயர் மாறிற்று. ஆயின் நிலநூல் ஏடுகளில் அவ்வடுக்கு இன்றும் பெரும்பாலும் டால்மியாபுரம் அடுக்கு என்றே எழுதப்படுகிறது. பலகைக்காகப் போராடிய நாம் ஏட்டை மறந்தோம். ஏட்டில் பெயர் மாற்றத் தண்டவாளம் உதவாது. அத்துறையில் தமிழ்ப் பிள்ளைகள் கற்றுத் தேர்ந்து எழுதுதல் வேண்டும்.

கல்லக்குடிச் சுண்ணக்கல்லின் மேல் வருவது காரைக் களிமண். கடலின் ஆழம் மிகுந்ததைக் காட்டும் தடித்த சேறு அது. சுருளோட்டு உயிரிகளின் எச்சங்கள் அதில் நிறைய. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அக்காலத்தில் உலகின் பல கரைகளிலும் இவ்வாறே ஆழ்நீர்ச் சேறு படிந்துள்ளது. அன்று உலகக் கடல் இன்றையினும் மிகமிக உயர்ந்து நின்றது; துருவங்களில் பெரும்பனிப் பாளங்கள் இல்லை; கடலடியின் நடுமுகடுகள் பருத்து நீரை மேலே தள்ளின. ஆகலின் காரைச் சேறு பெரிதும் உலக நீரேற்றத்தின் எழுத்து.

அதன் மேலே வரும் திருச்சிராப்பள்ளித் தொகுதி வேறு கதை சொல்கிறது. கீழடுக்குகள் சாய்ந்து அறுப்புண்டு கிடக்க, அவற்றின்மேல் கருங்கல் குண்டுகளும் மணலும் திடுமென வந்து அமர்ந்துள்ளன. களியின்மேல் குண்டு எவ்வாறு வந்தது? அருகே நிலம் உயர்ந்து மலைச்சரிவிலிருந்து ஆறுகள் கல்லை உருட்டி வந்தன. மடகாசுகர் நம் மேலைக் கரையினின்றும் பிரிந்த காலமும் ஏறத்தாழ அதுவே. எனவே இது நிலத்தட்டின் எழுத்து. அவ்வாறு ஆறுகள் கொணர்ந்து கடலில் சேர்த்த மரங்களுள் ஒன்றே சாத்தனூரில் இன்றும் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரம். 1940இல் அறிஞர் எம்.எசு. கிருட்டிணன் அதை உலகுக்கு அறிவித்தார். ஒரே நிலத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, நீரின் கையெழுத்தும் நிலத்தின் கையெழுத்தும்! இவற்றை வேறுபடுத்திப் படிக்கத் தெரிந்தவனே கடற்கோளைப் பற்றிப் பேசத் தகுதியுடையவன்.

இனி நம் கரிசலுக்கு வருவோம். கரிசலைக் கடற்சேறு என்று எண்ணுவாரும் உளர். மராட்டிய நாட்டைப் போல எரிமலைக் குழம்பின் மண் என்பாரும் உளர். இரண்டும் அன்று. கோவிற்பட்டி வட்டாரத்தில் கிணறு வெட்டிய எவரும் அறிவர்: மேலே கரிசல், அதன்கீழ்ச் சுக்கான், அதன்கீழ் உளுத்த பாறை, அதன்கீழ்க் கருங்கல். கருங்கல்லே நெடுங்காலம் உளுத்துக் கரிசலாயிற்று. மழை குறைந்த நிலமாதலின் சுண்ணம் கரைந்து ஓடிவிடாமல் சுக்கானாகத் தங்கிற்று. நீருண்டால் பருத்தும் வெயிலில் பாளமாக வெடித்தும் நிற்கும் களி, பருத்திக்கு ஏற்ற நிலமாயிற்று.

எனினும் நம் கரிசலுக்கும் ஒரு கடல் உண்டு. பந்தல்குடியிலும் தாழையூத்திலும் வெட்டி எடுக்கும் பளிங்குச் சுண்ணக்கல் ஒரு பழங்கடலின் படிவு. ஆயின் அதில் சிப்பி இல்லை, பவளம் இல்லை. கரணியம், அப்படிவு நிலத்தட்டுகள் மோதியபோது ஆழத்துக்குள் அமிழ்ந்து, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெப்பத்தில் வெந்து உருமாறியது. கல்லக்குடிச் சுண்ணக்கல் எழுத்து அழியாத ஏடு. பந்தல்குடிச் சுண்ணக்கல் எழுத்து அழிந்த ஏடு.

இப்பொழுது நம் நெஞ்சுக்கு நெருங்கிய குமரிக்கண்டத்துக்கு வருகிறேன். ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டிய இடம் இது.

இலெமூரியா என்னும் பெயர் தமிழ்ப்பெயர் அன்று. 1864இல் பிலிப்பு சிகிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், இலெமூர் என்னும் விலங்கினம் மடகாசுகரிலும் அதன் உறவினங்கள் இந்தியாவிலும் எவ்வாறு அமைந்தன என்பதை விளக்க, இடையில் ஒரு பெருநிலம் இருந்து மூழ்கியதாகக் கருதி இட்ட பெயர் அது. 1912இல் வெகனர் பெருநிலங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் நிலத்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. 1972இல் ஆழ்கடல் துளையிடும் கப்பல் இந்துமாக்கடலின் அடியைப் பல இடங்களில் துளைத்து நோக்கிற்று. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் அடி முழுதும் கடலிலேயே பிறந்த எரிகற்பாறை. மூழ்கிய பெருநிலத்தின் கருங்கல் அன்று. சீசெல்சுத் தீவுகளில் கருங்கல் உண்டு. ஆயின் அத்துண்டு நம்மைவிட்டுப் பிரிந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மாந்தன் தோன்றியதோ ஏறத்தாழ 3 இலக்கம் ஆண்டுகளுக்கு முன். எனவே சிகிளேட்டரின் இலெமூரியாவைத் தமிழன் ஆண்டான் என்பது நிற்காது.

அடியார்க்குநல்லார் கூறும் எழுநூற்றுக் காவதத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். காவதம் பத்துக் கல் தொலைவு எனக் கொண்டால் 7,000 கல். அஃது 11,000 கிலோமீட்டருக்கும் மேல். குமரியிலிருந்து தென்துருவத்துக்கே அவ்வளவு தொலைவு இல்லை! உரையாசிரியர் செவிவழிச் செய்தியை மதிப்போடு பதிந்து வைத்தார். அதை நில அளவைக் கணக்காக நாம் ஆக்குவது அவருக்கு நாம் செய்யும் தீங்கு.

அப்படியாயின் கடற்கோள் பொய்யா? இல்லை! இங்கேதான் உண்மை நம் பக்கம் நிற்கிறது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி மிகுந்த காலத்தில், உலகக் கடல் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணைக் கடலின் ஆழமோ பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டதே. அன்று தொண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போகலாம். குமரிமுனைக்குத் தெற்கேயும் சில பத்துக் கிலோமீட்டர் நிலம் விரிந்து கிடந்தது. பின்னர்ப் பனி உருகி, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தை நெருங்கிற்று. ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் ஏற்றம் என்றால் சிறிது போலத் தோன்றும். ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டரே சாயும் தட்டைக் கரையில் அந்த ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டர் நிலத்தை விழுங்கும். அறுபது ஆண்டு வாழ்ந்த ஒருவன் 600 மீட்டர் நிலம் போனதைத் தன் கண்ணால் காண்பான். பாட்டன் வாழ்ந்த குடியிருப்பு பேரனுக்குக் கடல்! இந்நிலத்து மாந்தர் அதைக் கண்டிருத்தல் இயல்பே. அந்நினைவு தலைமுறைகளைத் தாண்டி நம் பழஞ்செய்திகளில் தங்கியதா என்பதைக் கல் சொல்லாது. கடலடியில் தேடும் தொல்லியலே சொல்ல வேண்டும். ஆனால் கடல் நம் நிலத்தைக் கொண்டது என்பதைக் கல் ஐயமறச் சொல்கிறது. பெருநிலம் ஒன்று வேண்டுமென அடம்பிடிப்பவன் கையிலுள்ள இந்த உண்மையையும் இழப்பான்.

ஒன்றை இங்கே தெளிவுறுத்த வேண்டும். 2004 திசம்பர் 26ஆம் நாள் வந்தது ஆழிப்பேரலை, கடற்கோள் அன்று. பேரலை வந்து மீளும். மெல்லிய மணற்படலம் ஒன்றை விட்டுச் செல்லும். கடற்கோள் வந்து தங்கும். அடியில் கரை மணலும் மேலே ஆழ்நீர்ச் சேறுமாக முழு வரிசையை எழுதும்.

கடல் விட்டதற்கும் நம்மிடம் சான்று உண்டு. இராமேசுவரத்தில் இறந்த பவளத்திட்டுகள் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே வெளிப்பட்டு நிற்கின்றன. கொற்கையை நோக்குங்கள். பாண்டியரின் முத்துத் துறை. இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே வயல்சூழ் சிற்றூர். 1968-69இல் நம் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தனர். கொற்கையைக் கடல் கொள்ளவில்லை. பொருநையாற்றின் வண்டல் கடலைத் தள்ளியது. துறை கொற்கையினின்று காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்ததைக் கால்டுவெல் ஆய்ந்து எழுதினார். மூன்றாம் கணக்காகிய மண்வரத்தின் ஆற்றல் அது.

அந்த மூன்றாம் கணக்கில்தான் இன்று நாம் கைவைக்கிறோம். பொருநையிலும் வைப்பாற்றிலும் மணலை அள்ளுகிறோம். அணைகளுக்குப் பின் வண்டலைத் தேக்குகிறோம். கடலுக்குச் சேரவேண்டிய மண் சேரவில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றனுள் பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் நீருள் மறைந்துவிட்டன. பவளத்தைச் சுண்ணத்துக்காக வெட்டியதும் அதற்கொரு கரணியம். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் பெரிதும் தேய்ந்துபோயிற்று. உலகக் கடலோ மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது. நீர் ஏறுகிறது, மண் வரத்துக் குறைகிறது. இவ்விரண்டும் கூடினால் விளைவு என்ன என்பதைக் கண்மாயைப் பார்த்தே சொல்லிவிடலாம். பழைய கடற்கோளுக்குக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் கையாலேயே வரவழைக்கும் கடற்கோளைக் கண்டும் வாளாவிருத்தல் முறையோ?

தமிழ்ப் பெருமக்களே! உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, நிலநூல் கற்கும் பிள்ளைகளை உருவாக்குங்கள். கொள்ளல், விடல், படிவு, பிளவு என்று நம் சொற்களால் அவர்கள் எழுதட்டும். இரண்டாவது, கோடை விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைச் சாத்தனூருக்கும் காரைக்கும் கல்லக்குடிக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள கல்லைப் பெயர்த்து வராதீர்கள், படித்து வாருங்கள். மூன்றாவது, மேடையில் குமரியைப் பற்றிப் பேசுமுன் மூன்று கணக்குகளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தமிழின் தொன்மைக்குப் பொய்யான முட்டுக்கொம்பு வேண்டுவதில்லை. மெய்யே அதற்குப் போதுமான அடித்தளம்.